நாற்பத்துமூன்று முதலாளிகளும் ஒரு பந்தும்

ஒரு பந்துக்கு நாற்பத்துமூன்று முதலாளிகள் இருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். பந்தைத் தவிர எல்லாம் உதைபடும்.

யுத்தம் முடிந்த கோடை. அரியலூர் ஸ்டேஷனை ஒட்டிய செம்மண் பொட்டலில் ரைஸ்மில் முதலாளி ஒரு புட்பால் டீம் வைத்திருந்தார். நாங்கள் ஓரத்தில் நின்று கைதட்டும் கூட்டம். கோல் காக்க எப்போதும் அவருடைய மருமகன்தான். பந்து வந்தால் மரியாதையாக வழிவிடுவார். ஒருநாள் ஏழு பந்துகளுக்கு வழிவிட்டார். அன்றே பிரிந்தோம். திருச்சியிலிருந்து ஒரு தோல்பந்து வாங்கிச் சொந்தமாகச் சங்கம் கண்டோம். வண்டிக்காரர் முதல் டெய்லர் வரை எல்லாரும் முதலாளி. எந்த முடிவும் கைகளை எண்ணித்தான். விதியை எழுதிய செயலாளர் நான். வயது இருபத்திரண்டு, கால் தரையில் படாத வயது. (செயலாளர் என்பதால் டீமிலும் இருந்தேன். மருமகனைக் கேலி செய்தது தனிக் கணக்கு.)

மில்காரர் சிரித்தார். "ஒரு ஆட்டம் ஆடுவோம். ஜெயிச்சா பொட்டல்ல நீங்களும் ஆடிக்கங்க. இல்லாட்டி சங்கத்தைக் கலைச்சுட்டு வந்து எங்களுக்கே கைதட்டணும். சரியா?"

சரி என்றேன். (அதற்கு மட்டும் யார் கையையும் எண்ணவில்லை.)

ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்குப் பெனால்ட்டி! எதிரே மருமகன், வழிவிடத் தயாராக. வண்டிக்காரர் பெரியசாமி பந்தை வைத்தார். சேற்றில் சிக்கிய பாரவண்டியையே நகர்த்தும் கால் அது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "யாரு அடிக்கிறதுன்னு பொதுக்குழு முடிவு பண்ணணும்."

"ஏந்தம்பி, அடிச்சுட்டு முடிவு பண்ணுவோமே?" என்றார் பெரியசாமி.

விதி விதிதான் என்றேன். எண்ணினேன். பெரியசாமிக்கு இருபத்தொன்று. டெய்லர் காதருக்கும் இருபத்தொன்று. சமமானால் செயலாளர் சொல்வதே முடிவு. (அதுவும் நான் எழுதியதே.) வெயில், புழுதி, ஊரே என் வாயைப் பார்க்கிறது. என்னவோ ஏறிவிட்டது எனக்குள்.

"நானே அடிக்கிறேன்."

எண்ணி முடிப்பதற்குள் தெற்கே போகும் கூட்ஸ் வண்டி வந்திருந்தது. உதைத்தேன். பந்து கம்பத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஒரு திறந்த வேகனில் போய் அமர்ந்து, வாங்கிய ஊருக்கே புறப்பட்டது. கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடி அசைத்தார்.

ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். மில்காரர் வந்தார். "என்ன செயலாளரே, கலைச்சுடலாமா?"

தலை நிமிரவில்லை. "சங்கத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன்.

ஒரு கைகூட எழவில்லை. கண்ணைத் துடைக்க எழுந்த என் கையையும் காதர் பிடித்து இறக்கினார்.

"சரின்னது தம்பி மட்டுந்தாங்க," என்றார் பெரியசாமி. "நாங்க யாரும் கை தூக்கலையே. சங்கம் இருக்குதுங்க. பந்துதான் இல்ல."

மில்காரர் முறைத்தார்; பிறகு தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார். பொட்டல் கிடைக்கவில்லை. வற்றிய ஏரியில், மழை வரும்வரை, துணிப்பந்தில் ஆடினோம். அங்கே முதல் தீர்மானம்: செயலாளர் இனி பெனால்ட்டி அடிக்கக் கூடாது. நாற்பத்துமூன்று கைகள். என்னுடையதும் சேர்த்து.

இப்போது வீட்டில் நாங்கள் நாலு பேர். குழம்பா ரசமா என்றால் என் மனைவி கரண்டியை உயர்த்தி, "கை தூக்குங்க" என்பாள். இரண்டுக்கு இரண்டு வந்துவிட்டால் மகள் வாசலுக்கு ஓடுவாள்.

"இருங்கப்பா, கூட்ஸ் வண்டி வருதான்னு பாத்துட்டு வரேன்."