ஓனர் ஊரில் இல்லை

"ஓனர் இருக்காரா?" என்று மேஸ்திரி கேட்டதும் நூலகர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டின் உரிமையாளர் அவர்தான். ஆனால் முந்தின நாள், நூலகத்தில் நாளிதழ்ப் பிரிவைக் கவனிக்கும் சக ஊழியர் அவருக்கு ஓர் உபதேசம் செய்திருந்தார்.

"மேஸ்திரிங்ககிட்ட மட்டும் சொந்த வீடுன்னு வாயைத் திறந்துடாதீங்க சார். சொந்த வீடுன்னா ஒரு ரேட்டு, வாடகை வீடுன்னா ஒரு ரேட்டு. பாதிக்குப் பாதி!"

"ஓனர் ஊர்ல இல்லீங்க," என்றார் நூலகர். "நான் இங்க குடித்தனம்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் 'ணங்' என்று விழுந்தது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

விஷயம் சின்னதுதான். குளியலறைத் தரையில் எங்கேயோ விரிசல். தண்ணீர் கசிந்து கசிந்து, பக்கத்துச் சமையலறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் இருந்த சேமிப்பு ஒரு லட்சம். நாற்பதாயிரத்துக்குள் கசிவை அடைத்துவிட்டால் மீதி அறுபதில் மனைவிக்குப் புதுச் சமையல் மேடை. இப்போதிருக்கும் மேடையைக் கட்டியவர் யாரோ ஆறடி ஆசாமி. நூலகரின் மனைவி ஐந்தடிக்கும் குறைவு. பதினோரு ஆண்டுகளாக ஒரு பலகையின் மேல் ஏறி நின்றுதான் அவள் சமைத்து வருகிறாள். நடுவில் இரண்டு முறை விழுந்தும் இருக்கிறாள்.

மேஸ்திரி குளியலறைத் தரையைச் சுத்தியல் பிடியால் தட்டினார். டாக்டர் நெஞ்சைக் கேட்பதுபோல் காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நாப்பது ஆகும் சார்."

"கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"என் கையில என்ன சார் இருக்கு? நான் கூலிக்கு வர்ற ஆளு. எங்க முதலாளி வச்சதுதான் ரேட்டு. அவன் ஒரு பைசா இறங்க மாட்டான்."

நாற்பது என்பது நூலகர் மனதில் வைத்திருந்த அதே தொகை. அவர் அத்தோடு வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கலாம். ஆனால் மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஓனருக்கு அம்பதுன்னு சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு. எங்கயும் நடக்கறதுதானே?"

நூலகர் இரண்டு கையையும் ஆட்டினார். "ஐயையோ, வேணாங்க! ஓனர் ரொம்ப நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷனா? அப்ப கேள்வியே கேக்க மாட்டாரு. அம்பத்தஞ்சு சொல்லலாம்."

"இல்ல, இல்ல, அப்படியொண்ணும் நல்லவர்னு சொல்ல முடியாது. சரியான கஞ்சன்."

மேஸ்திரியின் முகம் சிவந்தது. "எத்தனை வருஷமா உங்க ரத்தத்தை உறிஞ்சறான்?"

"பதினோரு வருஷம்..."

"அவனைச் சும்மா விடக் கூடாது சார். அறுபது!"

ஓனரின் குணநலன்களைப் பற்றி இதற்கு மேல் பேசினால் வீட்டையே விற்க வேண்டியிருக்கும் என்று நூலகர் வாயை மூடிக்கொண்டார்.

மேஸ்திரி தெருமுனை திரும்பியதும் மனைவி வந்தாள்.

"ஏங்க, உங்களுக்கெல்லாம் வாய் எதுக்குங்க? போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"இப்பப் போய்ச் சொன்னா என்னைப் பொய்யன்னு நினைக்க மாட்டாரா?"

"பின்ன நீங்க யாராம்?"

நூலகர் யோசித்தார். அவருக்கு யோசனை வருவதும் ஆபத்துதான். "ஓனரே ஃபோன்ல பேசி, நாப்பதுக்கு மேல ஒரு பைசா தர முடியாதுன்னு சொல்லிட்டா?"

"எந்த ஓனர்?"

"உன் தம்பி."

மச்சினன் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலையில் இருந்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் ஃபோனில் முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற உத்தியோகம். ஃபோனில் அடுத்தவரைத் திட்டும் வாய்ப்பு வாழ்க்கையில் முதல் தடவையாக அவனைத் தேடி வந்தது. அதை அவன் வீணாக்கவில்லை.

"ஓனர் பேசறேன்!" மேஸ்திரியின் ஃபோனில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. "அந்தாளு பக்கத்துல இருக்கானா?"

மேஸ்திரி நூலகரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருக்காருங்க."

"ரெண்டு மாசமா வாடகை வரலை. அவன் பேச்சை எதையும் நம்பாதீங்க. நாப்பது, அம்பதுன்னு ஏதாவது உளறுவான். நமக்குப் பணம் பெருசில்ல மேஸ்திரி. வேலை சுத்தமா இருக்கணும். சாதா டைல்ஸ் எல்லாம் வேணாம், வழுக்காத உசந்த ரகமாப் போடுங்க."

"எழுபத்தஞ்சு ஆகுங்களே?"

"எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சு! சில்லறை விஷயத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடக் கூடாது!"

சாயங்காலம் மச்சினனே கூப்பிட்டான். "எப்படி மாமா நம்ம நடிப்பு?"

"நாப்பதுக்கு மேல தராதேன்னு தானேடா சொல்லச் சொன்னேன்!"

"சொல்லத்தான் மாமா நினைச்சேன். ஆனா பேரம் பேசினா ஓனர் மாதிரியே இல்ல."

அன்றிலிருந்து மேஸ்திரிக்கு நூலகர் மேல் தனிப் பாசம் பிறந்துவிட்டது. பொய்யைவிட அந்தப் பாசம்தான் அதிகச் செலவு வைத்தது.

மூன்றாம் நாள் காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்த நூலகர் இடிச்சத்தம் கேட்டுப் பாதித் தாடி நுரையோடு ஓடி வந்தார். மேஸ்திரி குளியலறையில் இல்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் இருந்த சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவருக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை சார். கல்லு மாதிரி இருக்கு." மேஸ்திரி பெருமையோடு இன்னொரு அடி போட்டார். "இங்க ஒரு ஜன்னல் வைக்கறேன். அம்மா சமைச்சுக்கிட்டே டிவி பாக்கலாம். ஓனர் காசுதானே!"

"வேணாங்க, பாவம் அந்தாளு..."

"உங்களை அந்தப் பேச்சுப் பேசினவன் சார் அவன். இருந்தாலும் உங்களுக்கு இவ்வளவு நல்ல மனசு ஆகாது. ஓதம் இதுவரைக்கும் பரவியிருந்துச்சுன்னு நான் சத்தியமே பண்றேன், நீங்க பயப்படாதீங்க."

கணக்கு எண்பத்திரண்டாயிரம் ஆனது.

முன்பணத்தை நூலகர் ஒரு கவரில் போட்டு, "ஓனர் அனுப்பினது" என்று நீட்டினார். மேஸ்திரி அதிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவர் சட்டைப் பையில் செருகினார். முப்பது வருட உத்தியோகத்தில் கை சுத்தமாக இருந்த மனிதர். வாழ்நாளில் அவர் வாங்கிய முதல் லஞ்சம் அவருடைய பணமாகவே இருந்தது. இருந்தும் ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று பின்னால் மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

அன்று மத்தியானம் இருவரும் கவிழ்த்துப் போட்ட வாளிகள் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"உங்க முதலாளி எப்படி?" என்று கேட்டார் நூலகர்.

"அதை ஏன் கேக்கறீங்க சார். மகா பாவி. இருபது வருஷமா மாடு மாதிரி உழைக்கறேன். ஒரு நாள் லீவு குடுத்ததில்ல."

நூலகருக்குள் சட்டென்று ஒரு பல்பு எரிந்தது. எண்பத்திரண்டை இந்தப் பக்கம் குறைக்க முடியாவிட்டால் என்ன? அந்தப் பக்கம் குறைக்கலாமே!

"அவனை நீங்க ஏமாத்தறதில்லையா?"

"நானா? முதலாளியையா?" மேஸ்திரிக்குப் புரை ஏறியது. "சேச்சே, அதெல்லாம் பழக்கமில்ல சார்."

"இது என்னங்க நியாயம்? என் ஓனரை நீங்க ஏமாத்தறீங்க. உங்க முதலாளியை நான் விட்டுட முடியுமா? குடோன்ல சிமென்ட் இருக்கும்ல? தெரியாம ரெண்டு மூட்டை தூக்கிட்டு வந்துடுங்க. அதைக் கணக்குல கழிச்சுக்கலாம்."

"அவன் பாவம் சார்..."

"இப்பத்தானே மகா பாவின்னீங்க?"

"அது வந்து... நல்ல நேரத்துல நல்லவன்தான்."

"நல்லவன்னா கணக்கே பாக்க மாட்டான். ஒரு பெட்டி டைல்ஸும் சேர்த்து எடுத்துக்கங்க."

மறுநாள் இரண்டு மூட்டை சிமென்ட்டும் ஒரு பெட்டி டைல்ஸும் வந்து இறங்கின. அவற்றை இறக்கியபோது அவர் முகம், வேண்டியவரை வழியனுப்பிவிட்டு வந்தவர் முகம்போல் இருந்தது. திருடிப் பழக்கமில்லாத மனிதர், மனசாட்சி உறுத்துகிறது என்று நூலகர் உருகிப்போனார். தோளில் தட்டி, "முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்று தன் அனுபவத்திலிருந்து ஆறுதல் சொன்னார்.

இரண்டு நாளில் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், ஓனர்கிட்ட இன்னும் ஒரு எட்டு ஏத்திச் சொல்ல முடியுமா?"

"எதுக்கு?"

"சும்மா... விலைவாசி."

நூலகர் உஷாரானார். "ஓனர் ஒத்துக்கவே மாட்டாருங்க."

"நான் வேணா ஃபோன்ல பேசட்டா?"

"ஃபோனை எடுக்க மாட்டாரு!" என்றார் நூலகர் அவசரமாக. அன்று மாலையே மச்சினனிடம், மேஸ்திரியின் எண்ணிலிருந்து எத்தனை முறை அழைப்பு வந்தாலும் தொடக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். முதல் தடவையாக மச்சினன் சொன்னபடி செய்தான்.

விளைவு உடனே தெரிந்தது. குளியலறைத் தரை முழுக்கக் கொத்திப் போட்ட நிலையில், சுவரில் ஜன்னலுக்குப் பதில் வெறும் ஓட்டை வாய் பிளந்து நின்ற நிலையில், மேஸ்திரி கரண்டியைக் கழுவிப் பையில் போட்டார்.

"முதலாளி வேலையை நிறுத்தச் சொல்லிட்டான் சார். எட்டு வந்தாத்தான் மேல கைவைக்கணுமாம்."

"நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா அவன் கேக்கவா போறான்?"

ஒரு வாரம் குடும்பமே வாளியும் துண்டுமாகப் பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனது. பக்கத்து வீட்டம்மாள் இரண்டு நாள் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். மூன்றாம் நாள், "வீட்டை வித்துட்டீங்களாமே, வாடகைக்கா இருக்கீங்க?" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் கதவைத் திறக்கவே நேரமானது.

ஆறாம் நாள் மனைவி, பலகையில் நின்றபடியே, சுவரிலிருந்த ஓட்டை வழியாகக் கூடத்தில் இருந்த நூலகரைப் பார்த்தாள். உருப்படியாக அந்த ஓட்டைக்கு அன்றுதான் ஒரு பயன் வந்தது.

"எண்பத்திரண்டு போச்சுன்னா மீதி பதினெட்டு. எட்டும் குடுத்தா பத்து. பத்தாயிரத்துல மேடை கட்ட முடியாது. எனக்கு இன்னும் நல்லதா ஒரு பலகை வேணா வாங்கலாம், இல்லீங்க?"

அவள் சத்தம் போட்டிருந்தால் நூலகர் தாங்கியிருப்பார்.

"கூலிக்கு வர்ற மனுஷன்கிட்ட மல்லுக்கட்டி என்னங்க பிரயோஜனம்? நேரா அந்த முதலாளியைப் போய்ப் பாருங்க. நான்தான் வீட்டுக்குச் சொந்தக்காரன், முதல்ல சொன்ன நாப்பதுக்கு முடிச்சுக் குடுங்கன்னு கேளுங்க. மனுஷனா இருந்தா மனசு இரங்க மாட்டாரா?"

"மேஸ்திரி வேலை போயிடுமே?"

"சிமென்ட் விஷயத்தைச் சொல்லாதீங்க. உங்களைப் பத்தி மட்டும் சொன்னாப் போதும். உண்மையைச் சொல்லிப் பழகறதுக்கு அதுவே அதிகம்."

அவர் கிளம்பினார். போகும் வழியெல்லாம் 'நான்தான் ஓனர், நான்தான் ஓனர்' என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்ததில் எதிரே வந்த இரண்டு பேர் நடைபாதையை விட்டே இறங்கிப் போனார்கள். மேஸ்திரியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பாவம், இருபது வருட உழைப்பாளி. இந்த முதலாளி என்கிற பாவியின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

முன்பணத்துக்குத் தந்த ரசீதில் இருந்த விலாசப்படி, குடோன் ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, வாசலில் மணல் குவியல், உள்ளே மேஜை போட்டு ஒரு பெண் பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்க முதலாளியைப் பாக்கணும்," என்றார் நூலகர். குரல் அவர் எதிர்பார்த்ததைவிட உறுதியாகவே வந்தது.

"எந்த வீட்டுலேருந்து வர்றீங்க?"

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, பச்சை கேட் போட்ட வீடு."

அவள் பேனாவை மூடினாள். "ஓ, அந்தக் குடித்தனக்காரரா?"

"அதைப் பத்தித்தாம்மா முதலாளிகிட்ட நேர்ல ஒரு உண்மையைச் சொல்லணும்..."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதலாளிதானே சார் இத்தனை நாளா உங்க வீட்டுல கலவை போட்டாரு, எந்தப் பாவி பேச்சையோ கேட்டுச் சொந்த சிமென்ட்டையும் டைல்ஸையும் ஓசியில கொண்டுபோய்க் கொட்டிட்டு, இப்ப அந்த நஷ்டத்தைக் கால்ல விழுந்தாவது வாங்கிடறேன்னு காலையிலேருந்து உங்க ஓனரைத் தேடி அலைஞ்சுக்கிட்டிருக்காரு!"