மூன்று பீஸ் கட்டைகளும் ஏழாவது கோட்டையும்

வீடியோ கேமில் நான் பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு முப்பத்தொரு வயது வரை இருந்தது. சென்னையில் என் அறையில் நீல விளக்கு எரியும் கம்ப்யூட்டர், முதுகு வலிக்காத நாற்காலி, காதை மூடும் ஹெட்போன் எல்லாம் உண்டு. இந்தக் காலத்து கேம்கள் ஆடுகிறவனைப் புது மாப்பிள்ளை மாதிரி தாங்குகின்றன. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். செத்துப்போனால், செத்த இடத்துக்குப் பத்தடி முன்னால் எழுப்பி நிறுத்தும். நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும். இத்தனையையும் என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் கோடையில் மனைவி மெர்சியின் ஊருக்குப் போனோம். கூத்தாநல்லூரிலிருந்து கொஞ்ச தூரம். வயலுக்கு நடுவே வீடு, வீட்டை ஒட்டி மோட்டார் கொட்டகை. மாமனார் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று முழுநேர விவசாயியாக மாறியிருந்தார். குறுவைக்கு நாற்றங்கால் விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாளிருந்ததால், அந்தப் பயிருக்கு மோட்டார் தண்ணீர்தான் கதி.

போன மறுநாள் மெர்சி பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள். அவள் பள்ளியில் படிக்கும்போது ஆடிய டிவி கேம். மஞ்சளேறிய பெட்டி, ஒயர் வைத்த இரண்டு ரிமோட், ஒரே ஒரு கேசட்.

“இது சின்னப் பசங்க ஆடுறதாச்சே” என்றேன்.

“அப்ப சீக்கிரம் முடிச்சிடுவீங்க” என்றாள்.

குடை பிடித்த ஒரு குள்ளன் ஏழு கோட்டைகளைத் தாண்டிப் போய், கடைசிக் கோட்டையில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான். உயிர் மூன்று. நான் ரிமோட்டை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

“ஏங்க, குள்ளன அப்படியே நிக்க வச்சிருக்கீங்க?”

“எங்க போகணும்னு சொல்லுவான்ல?”

“யாரு?”

அவள் கேட்டு முடிப்பதற்குள் ஒரு வௌவால் வந்து என்னைக் கொன்றது. அன்று பதினோரு முறை ஆடியும் முதல் கோட்டையைத் தாண்டவில்லை. (அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கல போல” என்று மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு மறுபடியும் செத்தேன்.) பிறகு மெர்சி வாங்கினாள். தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, தோழியிடம் யார் வீட்டு நிச்சயதார்த்தத்தையோ விசாரித்தபடியே ஐந்தாவது கோட்டை வரை போனாள். இத்தனை வருடம் தொடாத கேம். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது.

எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. ஆடஆடத்தான் அந்தக் கேமின் அருமை புரிந்தது. அது ஏமாற்றவே இல்லை. வௌவால் தினமும் அதே இடத்தில்தான் வந்தது. பாறை அதே கணக்கில்தான் விழுந்தது. செத்தால் முழுக்க முழுக்க என் தப்பு. பத்துப் பதினைந்து நிறத்தையும் நாலைந்து சத்தத்தையும் வைத்துக்கொண்டு, யாரோ சிலர் எங்கோ உட்கார்ந்து இவ்வளவு நேர்மையான ஒரு பொருளைச் செய்திருக்கிறார்கள். எந்த மூலையில் என்ன வரும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்தேன். ஒரு கோட்டையைத் தாண்டியபோது எழுந்த சந்தோஷம் சென்னையில் எந்தக் கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அதில் சேமிக்கும் வசதி கிடையாது. பெட்டியை அணைத்தால் முதல் கோட்டை. அதைவிடக் கொடுமை மோட்டார். காலை ஒன்பது மணிக்கு மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் நின்று நின்று கிளம்பும். கிளம்பும் ஒவ்வொரு முறையும் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்கும். அந்த ஒரு நொடியில் பெட்டி செத்துப் பிழைக்கும், குள்ளன் முதல் கோட்டை வாசலில் நிற்பான். நான்காவது கோட்டையில் ஒரு நாள், ஆறாவது கோட்டையில் ஒரு நாள் இப்படிப் போனது. மூன்று மணிக்கு மேல் மோட்டார் தொல்லை இல்லை, அப்போது அத்தையின் சீரியல்கள் தொடங்கிவிடும். அவரிடம் டிவி கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய கடைசி நாள். மாமா உரம் வாங்க மன்னார்குடி போயிருந்தார். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் கொட்டகைக்குப் போனேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். யாராவது தெரியாமல் போட்டுவிடக் கூடாதே என்று (என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்) கரண்டைக் கடத்தும் மூன்று பீஸ் கட்டைகளையும் உருவி டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு மாட்டிவிடலாம் என்பது திட்டம்.

ஏழாவது கோட்டை வாசலை நான் தொட்டபோது மணி ஒன்றரை. வெளியே சத்தம் கேட்டது. மெர்சி ஓடி வந்தாள்.

“என்னங்க, வெளிய வாங்க. கொட்டகையில திருட்டுப் போயிருக்கு.”

குள்ளனை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு எழுந்தேன். பாக்கெட்டில் பீங்கான் கட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

கொட்டகை முன்னால் ஏழெட்டுப் பேர். மாமா வரும் வழியில் நாற்றங்காலைப் பார்த்திருக்கிறார். காய்ந்து வெடிப்பு விடத் தொடங்கியிருந்ததாம். ஓடி வந்து பார்த்தால் கட்டைகளைக் காணவில்லை.

“போன வருசம் ஒயரை அறுத்துக்கிட்டுப் போனானுங்க, இந்த வருசம் கட்டை” என்றார் பக்கத்து வயல்காரர் சாமுவேல். “காலையிலேருந்து எதிர்த்த வயல்ல வாத்து மேய்க்கிறவன் ஒருத்தன் நிக்கிறான். வெளியூர் ஆளு. கூட்டிட்டு வந்து கேப்போம்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் புல்லுக்குள் மெல்லக் கட்டைகளை நழுவவிட்டு, ‘அட, இங்கே கிடக்கின்றனவே’ என்று கண்டுபிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மெர்சி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாத்துக்காரரை அழைத்து வந்தார்கள். அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு. யாரும் கேட்பதற்கு முன்பே தன் பையைக் கீழே கவிழ்த்துக் காட்டினார். தூக்குவாளி, வெற்றிலைப் பொட்டலம், ஒரு சட்டை.

“பீஸ் கட்டைய வச்சிக்கிட்டு நான் என்னங்க பண்ணப்போறேன்? வாத்துக்கா போடுவேன்?”

அந்தச் சட்டையை அவர் மறுபடியும் மடித்து வைத்தார். பாக்கெட்டில் கைவிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவின் கையில் வைத்தேன். மெர்சி என் கையை விட்டாள்.

“நீங்களா எடுத்தீங்க, மாப்பிள்ளை?”

“ஆமாங்க மாமா. மோட்டார் ஓடுனா கேம் நின்னு போவுது.”

மாமா என்னைத் திட்டவில்லை. முதலில் வாத்துக்காரரிடம் திரும்பி, “மன்னிச்சுக்குங்க, எங்க வீட்டுத் தப்பு. சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார். பிறகு கட்டைகளை என்னிடமே நீட்டினார். “இன்னும் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இருக்கும். நீங்களே மாட்டுங்க.”

மாட்டினேன். மெயினைத் தூக்கினேன். மோட்டார் உறுமியது. வீட்டுக்குள்ளிருந்து, முதல் கோட்டையின் பாட்டு தெளிவாகக் கேட்டது.

அது என்ன பாட்டு என்று அங்கே எனக்கும் மெர்சிக்கும் மட்டும்தான் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று புரிந்தது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனபோதும் தண்ணீர் போதியிருக்கவில்லை. நானும் மெர்சியும் இருட்டும் வரை குளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி நாற்றங்காலில் தெளித்தோம். வாத்துக்காரரும் சாப்பிட்டுவிட்டு ஒரு குடத்தோடு வந்தார். “அப்படி என்ன தம்பி வெளையாட்டு அது?” என்று கேட்டார். குடை, கோட்டை, மணி என்று சொன்னேன். “மணிய அடிச்சா என்ன கெடைக்கும்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. நாற்று பிழைத்தது, ஓர் ஓரம் மட்டும் மஞ்சளடித்துப் போனது. சென்னைக்குப் போகும் பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.

அடுத்த கோடையில் போனபோது ஹாலில் புது இன்வெர்ட்டர் இருந்தது. “உங்க அத்தைக்கு ஃபேன் இல்லாம முடியல” என்றார் மாமா. இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் ஃபேனுக்குப் போகவில்லை, டிவிக்குத்தான் போயிருந்தது. நானும் மெர்சியும் கோட்டைக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஆடினோம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெர்சிதான் மணியை அடித்தாள். திரையில் நன்றி என்று ஒரு வரி, பிறகு செய்தவர்களின் பெயர்கள் ஒன்பது. மாமா ஒன்பதையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். “ஒம்பதே பேரா? பெரிய ஆளுங்கதான்” என்றார்.

பீஸ் கட்டையை உருவிய மாப்பிள்ளை என்ற பேர் மட்டும் அந்த ஊரில் மாறவே இல்லை. போன மாதம் வீட்டுக்கு எதிரே கம்பத்தில் பழுது பார்க்க லைன்மேன் வந்தார். கரண்டை நிறுத்தி, ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, வாசலில் நின்ற மாமாவிடம் குரல் கொடுத்தார்.

“சார், நான் மேல ஏறலாமா? மாப்பிள்ளை ஊருக்கு வந்திருக்காரா?”