விமலா லாண்டரி

"விமலான்னா என்ன அர்த்தம் தெரியுமா உனக்கு? மாசில்லாதவள். இது என்ன?" என்று வாத்தியார் தன் வெள்ளைச் சட்டையை லாண்டரிக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். காலரில் இருந்த மஞ்சள் கறை, வெளுக்கப் போட்டபோது இருந்ததைவிடச் செழிப்பாக இருந்தது.

லாண்டரிக்காரர் கையிலிருந்து பைசா பெயராது. பொய்யை மட்டும் தாராளமாகச் செலவழிப்பார்.

"அந்த அர்த்தத்தைப் பாத்துத்தான் சார் கடைக்கே பேர் வச்சேன். இன்னொரு தடவை வெளுத்துத் தரேன்."

உள்ளே தேய்த்துக்கொண்டிருந்த விமலா வெளியே வந்தாள். கல்யாணமானதிலிருந்து சம்பளமில்லாத இஸ்திரிக்காரி. பெண்டாட்டி பேரில் கடை நடத்தும் மனுஷன் என்று அக்கம்பக்கமெல்லாம் அவரைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருந்தாள், பாவம்.

"அப்ப என் பேருன்னு வைக்கலையா?"

லாண்டரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் தேய்த்துக் கொடுக்காவிட்டால் ஓட்டல்காரன் வேறு கடைக்குப் போய்விடுவான்.

"சேச்சே, உனக்காகத்தான் வச்சேன். சாரைச் சமாளிக்க ஏதோ சொன்னேன்."

"ஓகோ, சமாளிக்க," என்றார் வாத்தியார். கிளம்ப வேண்டியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டும்தான் சார். அர்த்தம் பிடிச்சுப்போய்தான் இவளையே கட்டிக்கிட்டேன்."

"அப்ப நான் என்ன, சோப்புக் கட்டியா?" என்று இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விமலா ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு காலில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பார். அந்த அறிவு எங்கே இருக்கிறது?

"போர்டுல உன் பேருக்குப் பக்கத்துல உன் முகத்தையே வரையச் சொல்றேன். போதுமா?" என்றவர், எதிர்க் கடைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த பெயின்டரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

விமலாவின் முகம் மலர்ந்தது. தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டாள்.

பெயின்டர் ஏணியில் ஏறினார். போர்டின் தூசியைத் துடைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது நான் எழுதினதும்மா. முதல்ல கடை வச்சிருந்தவரோட அக்கா பேரு. இவர் கடையை வாங்கினப்போ, வேற பேர் எழுதட்டுமான்னு கேட்டேன். 'எதுக்கு வீண் செலவு, தெருவுக்கு நாலு விமலா இருக்காளுங்க, அதுல ஒருத்தியைக் கட்டிக்கறேன்'னுட்டாரு."