கடைமடைக்காரரின் வாய்மொழித் தேர்வு

கவிதையை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அரசாங்கப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. பூதப்பாண்டி சுற்றுவட்டாரத்தில் அவர் கடைமடை.

பாசனத் துறையில் அவர் லஸ்கர். சானல் ஷட்டரை ஏற்றி இறக்குவது வேலை. தண்ணீர் குறைந்து முறை வைக்கும் நாட்களில், சானலின் கடைசியில் கிடக்கிற வயலுக்குத்தான் முதல் தண்ணீர் என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. அந்தக் கடைமடை நிறைந்த பிறகே மேலே உள்ளவர்கள் மடையைத் திறக்கலாம். நம்மாள் இந்த ஏற்பாட்டை ஷட்டரோடு விட்டிருந்தால் பெயர் வந்திருக்காது. கல்யாணப் பந்தியில் பரிமாறப் போனாலும் கடைசி இலையிலிருந்துதான் தொடங்குவார். தலை இலையில் சம்பந்தி வெறும் உப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதனால் இரண்டு கல்யாணங்களில் பேச்சு தடித்ததாகக் கேள்வி.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தேழு வயதில் அஞ்சல் வழியில் தமிழ் முதுகலை படித்தார். எழுத்துத் தாள் எல்லாம் முதல் தடவையிலேயே தேறிவிட்டது. வாய்மொழித் தேர்வில்தான் வண்டி நின்றது. முன்பின் பார்க்காத ஒரு கவிதையைத் தருவார்கள். கால் மணி நேரம் படித்துவிட்டு, இரண்டு தேர்வாளர்கள் முன்னால் பத்து நிமிடம் அதை விளக்கிப் பேச வேண்டும். கடைமடை கடைசி அடியிலிருந்து பேசத் தொடங்கினார். ஒரு தேர்வாளர் எழுந்து வந்து, தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ என்று திருப்பிக் கொடுத்தாராம். இரண்டாம் தடவை யாரோ சொன்ன யோசனைப்படி முதலடியிலிருந்து தொடங்கப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து நிமிடமும் மூன்று பேருமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கலைந்தார்கள். மதிப்பெண் பட்டியலில் 'வரவில்லை' என்று இருந்தது. ஆள் போயிருக்கிறார், வார்த்தைதான் வரவில்லை. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒன்றும் தவறான பதிவு அல்ல.

அந்தப் பட்டியலோடுதான் காலை நடையில் என்னை மறித்தார். நான் ஓய்வுபெற்ற சூப்பிரண்டு. மறுமதிப்பீடு, மறுகூட்டல், பெயர்த் திருத்தம் என்று எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல் வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சுற்றறிக்கையைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. வரப்போவதுதான் கடைசி வாய்மொழித் தேர்வு. அடுத்த வருடத்திலிருந்து நான்கு விடை கொடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கும் தேர்வு. ஷட்டர் பக்கம் போய் அவரிடம் சொன்னேன்.

"அப்ப உமக்கு நல்லதுதானே வே. வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு வந்துரும்," என்றேன்.

கடைமடை, ஷட்டர் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். தாடகை மலை அதில் மல்லாந்து கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

"பட்டத்த வச்சு நான் என்ன செய்யப் போறேன் அண்ணாச்சி? ஒரு கவிதயப் படிச்சேன், எனக்கு இப்படித் தோணுச்சுன்னு சொன்னா, ரெண்டு பேரு எந்திரிச்சுப் போகாம இருந்து கேக்கணும். அதுக்கு பரீட்சைய விட்டா வேற எடம் எங்க இருக்கு, சொல்லுங்க."

அதனால் பயிற்சி தருவதாக ஒப்புக்கொண்டேன்.

என் திட்டம் சுத்தமானது. முதல் நிமிடம் அறிமுகம். அடுத்த நான்கு நிமிடம் அடி அடியாகப் பொருள், மேலிருந்து கீழாக. பிறகு வடிவம், உவமை, ஓசை. கடைசி நிமிடம் முடிவுரை. தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஷட்டர் கம்பியில் கட்டிவிட்டேன்.

முதல் போகமான கன்னிப்பூ அறுவடை முடிந்து வயல்கள் சும்மா கிடந்த காலம். காலை வெயில் வைக்கோல் தாளில் படுத்திருக்கும். சானல் சத்தமே இல்லாமல் போகும். கடைமடை கரையில் நடந்தபடி மேலிருந்து கீழாகப் பேசிப் பழகுவார். அறுத்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்கள் முதல் வாரம் பயந்தார்கள், அடுத்த வாரம் பழகிவிட்டார்கள். வாத்துகள் மட்டும் அவர் உவமைக்கு வரும்போதெல்லாம் கூட்டமாகக் கத்தின. அவற்றுக்கு உவமை பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாற்றங்காலுக்கு ஷட்டர் திறக்கச் சொல்லிப் பைக்கில் வந்த ஒரு விவசாயியிடம், இரண்டாம் அடி முடியட்டும் என்று கையைக் காட்டினார். வந்தவரும் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா சவம், ஒரு உசிரு இல்லியே," என்று சொல்லிவிட்டுப் போனார். உயிருக்கு என் திட்டத்தில் நிமிடம் ஒதுக்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேர்வு நாகர்கோவிலில், ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தில். துணைக்கு வருவோர் தாழ்வாரத்தைத் தாண்டக் கூடாது. எத்தனையோ அப்பாமாரை அந்த விதியைச் சொல்லி விரட்டியவன் நான். அன்று அதே மாதிரி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மையார், பக்கத்தில் அரைக்கண் மூடிய ஒரு பேராசிரியர்.

கடைமடை கவிதையை வாசித்தார். பன்னிரண்டு அடி. ஒருத்தி வாடகை வீட்டைக் காலி செய்கிறாள். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. அவள் மட்டும் திரும்ப உள்ளே போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு வருகிறாள். அவ்வளவுதான்.

"இக்கவிதை பிரிவைப் பாடுபொருளாகக் கொண்டது," என்று தொடங்கினார். என் தட்டச்சு வாக்கியம். இரண்டாம் அடி, மூன்றாம் அடி. எல்லாம் என் வாக்கியங்கள், நன்றாகக் காய்ந்தவை. நான்காம் அடியில் குரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அன்று மழைகூட இல்லை. பேராசிரியர் முழுக்கண்ணையும் மூடினார். அம்மையார் பேனாவைத் திறந்தார். பேனா திறந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்போது நான் செய்ததை எந்த விதியும் அனுமதிக்காது. தாழ்வாரத்தைத் தாண்டி, கதவு நிலைக்குள் போய் நின்றேன்.

"மன்னிக்கணும் அம்மா. எந்த அடியிலிருந்து தொடங்கணும்னு விதியில இல்ல. மேலேருந்து தொடங்கச் சொன்னது என் தப்பு. இவரு கடைசி வயலுக்கு முதல்ல தண்ணி விடுகிற ஆளு."

"நீங்க யாரு?"

"ஓய்வுபெற்ற சூப்பிரண்டு. தேர்வுப் பிரிவு."

"அப்படியானா நீங்க இங்க நிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் கடைமடையிடம் சொன்னது கேட்டது. "சரி ஐயா, கடைசி அடியையே எடுத்துக்குங்க."

பிறகு, யாரோ பக்கத்து வயலிலிருந்து பேசுவது போலக் கேட்டது.

"கொழாய ஏன் அடைக்கா? வீடு அவளுக்கில்ல, தண்ணியும் அவளுக்கில்ல. அந்த வீட்டுல அவகூட இருந்து பேசினது அந்தச் சொட்டு ஒண்ணுதான். ஆளில்லாத வீட்டுல அது தனியா கெடந்து பேசப்பிடாதுன்னு அடைக்கா. இத வச்சுகிட்டு மேல போனா, பதினொண்ணாவது அடியில வண்டிக்காரன் சத்தம் போடுகான் பாருங்க, அது அவ காதுல விழவே இல்ல…"

அவர் ஒவ்வொரு அடியாக மேலே ஏறினார். அடிக்கு அடி அந்த வீடு நிரம்பிக்கொண்டே வந்தது. பிரிவு என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. தாழ்வாரத்தில் வெயில் என் காலிலிருந்து முழங்காலுக்கு வந்துவிட்டிருந்தது. பேராசிரியர் இரண்டு கண்ணையும் திறந்திருந்தார். அடுத்து வரவேண்டிய பெண் தன் முறை கடந்துபோனதை மறந்து, கதவோரம் நின்று கேட்டாள். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. நான் இருந்த காலத்தில் இப்படி நடந்திருந்தால் விளக்கம் கேட்டு இரண்டு தேர்வாளருக்கும் குறிப்பாணை போயிருக்கும்.

வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா ஒரு கேள்வி கேட்டாங்க அண்ணாச்சி. மார்க்கு போட இல்ல, தெரிஞ்சுக்கிடணும்னு கேட்டாங்க."

தேறிவிட்டார். பட்டமும் வந்தது. அவர் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, சானல் கரையில் வாயைத் திறக்காமல் நடக்கத் தொடங்கினார். வாத்துக்காரர்கள் என்னிடம் விசாரித்தார்கள். வாய்மொழித் தேர்வு ஒழிந்துவிட்டது, இனி அவர் எங்கே போவார்?

இப்போது வியாழன்தோறும் சாயங்காலம் ஏதாவது ஒரு கவிதையைத் தாளில் எழுதிக்கொண்டு ஷட்டர் பக்கம் போகிறேன். தேர்வாளர்கள் இருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கரையில் உட்கார்கிறோம். பத்து நிமிடமானதும் நிறுத்தச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இதுவரை சொன்னதில்லை.