நான்தானண்ணையின் இரண்டு வாக்குமூலங்கள்

இரண்டாயிரத்துகளில் ஒஸ்லோ நகரத்தில் நடந்த அத்தனை குற்றங்களையும் செய்தவர் ஒரே ஒரு ஆள்தான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். புருசெத்தில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் படுத்தெழும்பிய அந்த மெலிந்த மனிதருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்ததுதான். ஆனால் அது அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற கந்தோரிலிருந்து வருகிற கடிதங்களில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் 'நான்தானண்ணை'.

ஆளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. எங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எங்கள் எல்லோரையும் அவர்தான் அண்ணை என்பார். அடுப்பில் பால் பொங்கி ஊற்றினால் குகன் குசினியில் நின்று கத்துவான். குகன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், வீட்டில் ஒரு கோப்பையையும் தொடமாட்டான்.

"ஆரடா பாலைப் பாக்காமல் விட்டது?"

குளியலறைக்குள்ளிருந்து பற்பசை நுரையோடு குரல் வரும்: "நான்தானண்ணை!"

மனிதர் அரை மணித்தியாலமாய்க் குளியலறைக்குள்தான் நிற்பார். பாலை அடுப்பில் வைத்தவன் குகன்.

ஒருமுறை வீட்டில் கழிவறை அடைத்துக்கொண்டது. இவர் மூன்று நாளாய்ப் பக்கத்து நகரமான திராமனில் ஒரு கலியாண வீட்டில் நிற்கிறார். குகன் பகிடிக்கு அவருக்கே போன் எடுத்து, "அண்ணை, கக்கூசை அடைச்சது ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டான். நாதஸ்வரச் சத்தத்துக்கு மேலால் பதில் வந்தது: "நான்தானண்ணை, குறை நினைக்காதேங்கோ, வந்து பாக்கிறன்." வந்து பார்க்கவும் செய்தார், கையுறையும் வாளியுமாக.

சுரங்க ரயிலில் ரிக்கற் பரிசோதகர் ஏறினால் போதும், எழும்பி நின்றுவிடுவார். செல்லுபடியான ரிக்கற் சட்டைப் பையில் கிடக்கும். பரிசோதகர் அதை வாங்கிப் பார்த்து, சரி என்று திருப்பிக் கொடுத்த பிறகும், ஏதோ தண்டம் எழுதப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கோயிலில் வடைக்கு உப்புக் கூடிவிட்டது என்று தலைவர் ஒலிபெருக்கியில் குறைப்பட்டபோது, செருப்புக்குக் காவல் நின்ற இடத்திலிருந்து கையை உயர்த்தினவர் இவர்தான். சித்திரை மாதத்தில் பனி கொட்டினபோது, "இந்தக் கண்டறியாத பனியை இப்ப ஆர் கேட்டது?" என்று நான் அலுத்துக்கொண்டேன். இவர் வாயைத் திறந்து, பிறகு யோசித்து மூடினார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததோடு நின்றோமா? வீட்டில் எது உடைந்தாலும் எது கருகினாலும் எங்களுக்குக் கவலையில்லை, ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறாரே. அதை நினைத்தால் எனக்கு இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காய லொறி ஓட்டினவர். கொழும்பில் பிடித்து வைத்திருந்து, எப்படியோ வெளியே வந்து, இங்கே அகதியாய்ப் பதிந்தார். பதிந்து ஒன்றரை வருஷம், முடிவு வரவில்லை. முடிவு நல்லதாய் வந்தால் சாவகச்சேரியில் இருக்கிற மனைவியையும் ஏழு வயது மகளையும் கூப்பிடலாம். சனிக்கிழமை போனில் மகள் கேட்கிற முதல் கேள்வி பக்கத்து அறையில் இருக்கிற எங்களுக்கும் கேட்கும்: "அப்பா, கடிதம் வந்திட்டுதோ?" போர்நிறுத்தம் முறிந்து, ஊரில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். அந்தக் கடிதத்தில்தான் மூன்று பேருடைய சீவியம் தொங்கிக்கொண்டு நின்றது.

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டடத்தின் ஷெல்லரில் நெருப்புப் பிடித்தது. ஷெல்லர் என்றால் இங்கே நிலத்துக்குக் கீழே உடுப்புத் தோய்க்கிற, பழைய சாமான் போடுகிற இடம். பழைய பேப்பர்த் தொட்டி பற்றி, புகை படிக்கட்டால் ஏறி, மூன்றாம் மாடியில் இருந்த நொர்வேஜியக் கிழவி ஒருவரை அம்புலன்சில் கொண்டுபோனார்கள். கடவுள் புண்ணியம், மனுசி இரண்டு நாளில் நடந்து வந்தா.

நெருப்பு அணைந்து ஒரு மணித்தியாலத்தில் பொலிஸ்காரி ஒருத்தி வீடு வீடாக விசாரித்துக்கொண்டு எங்கள் கதவுக்கு வந்தாள். அதே நேரம் நான்தானண்ணையும் வந்து சேர்ந்தார். காலையிலிருந்து கோயில் மடப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நின்றவர். கையில் பொங்கல் புக்கைப் பார்சல், தோளில் பனி, சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"என்ன கேக்கிறா அண்ணை?" என்றார் என்னிடம்.

"கீழை நெருப்பு வைச்ச ஆளை ஆருக்கும் தெரியுமோ எண்டு கேக்..."

"நான்தானண்ணை."

பொலிஸ்காரி என் முகத்தைப் பார்த்தாள், அவர் என்ன சொன்னார் என்று. நான் மொழிபெயர்த்தேன். நொர்வேஜிய மொழியில் அது மூன்றே சொல். அந்த மூன்று சொல்லையும் என் வாய்தான் சொன்னது.

இதில் நான் உங்களுக்கு இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று குளிர் சைபருக்குக் கீழே பதினாறு. வெளியே நின்று சிகரெட் பத்தப் பஞ்சிப்பட்டு ஷெல்லருக்குப் போனவன் நான். அணையாத சிகரெட் கட்டையை அந்தப் பேப்பர்த் தொட்டிக்குள் எறிந்தவனும் நான். நான் அப்போது குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். குற்றப் பதிவு விழுந்தால் அது வருஷக்கணக்கில் பின்னுக்குப் போகும். பொலிஸ்காரி அவரைக் கூட்டிக்கொண்டு லிப்டுக்குள் போகிறாள், நான் அவருடைய புக்கைப் பார்சலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். நானும் ஒரு மனுசன்!

இரண்டாம் நாள் விட்டார்கள், குற்றச்சாட்டுப் பதிந்த தாளோடு. "என்னண்ணை கேட்டவை?" என்றான் குகன்.

"எந்தப் பக்கத்தாலை கொளுத்தினனீ எண்டு கேட்டினம். நீங்கள் சொல்லுற பக்கத்தாலைதான் எண்டனான். வேணுமெண்டோ எண்டு கேட்டினம். ஓம் எண்டனான். நல்ல பிள்ளையள், கோப்பி தந்தவை."

குகன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

பதினோராம் நாள் அவருடைய அகதி வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணி அம்மா கூப்பிட்டா. நான்தானண்ணைக்கு மொழி போதாது, வழக்கம்போல நான் கூடப் போனேன். அம்மா ஒளிக்காமல் சொன்னா, நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன்.

"சின்னக் களவு, அடிபிடி எண்டால் அகதி விண்ணப்பத்தை அது விழுத்தாது. ஆனால் ஆக்கள் குடியிருக்கிற கட்டடத்துக்கு வேணுமெண்டு நெருப்பு வைக்கிறது பாரதூரமான குற்றம். நீதிமன்றம் அப்பிடித் தீர்த்தால், இந்த ஆள் நாட்டுக்கு ஆபத்து எண்டு சொல்லிப் பாதுகாப்பை மறுக்க இடமிருக்கு. உயிருக்குப் பயம் எண்டு திருப்பி அனுப்பாமல் விட்டாலும், உரிமையில்லாத ஒரு தாளோடை இருக்க வேண்டியதுதான். மனுசி பிள்ளையைக் கூப்பிடேலாது. வழக்கு முடியும்வரைக்கும் கந்தோர் முடிவும் எழுதாது."

அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு ஆவணக் கோவையைத் திறந்தா. அது அவருடைய முதல் விசாரணைப் பதிவு. கொழும்பில் அவர்மேல் சுமத்தின குற்றம், வெங்காய மூட்டைக்குக் கீழே வெடிமருந்து கொண்டுவந்தது. நீங்கள் கொண்டுவந்தீர்களா என்று இங்கே கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். இவர் ஓம், நான்தான் என்றிருக்கிறார். இந்த நாட்டுக்கு வருமுன்பே அப்படியொரு குற்றம் செய்தவருக்கு அகதி அந்தஸ்தே கிடைக்காமல் போகலாம் என்றா அம்மா.

"கொண்டுவந்தனீங்களோ?" என்று நானே கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "கொழும்பிலை முதல் நாள் இல்லை எண்டன் அண்ணை. ரண்டாம் நாளும் இல்லை எண்டன். இல்லை எண்டால் திருப்பிக் கேப்பினம். கேக்கிறதெண்டால் வாயாலை இல்லை. மூண்டாம் நாள் ஓம் எண்டன். அண்டைக்குத்தான் படுக்க விட்டவை. அதுக்குப் பிறகு ஆர் என்ன கேட்டாலும் எனக்கு வாய் முந்திப் போகுது. என்ன கேட்டவை எண்டு பிறகுதான் விளங்கும்."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு வருஷமாய் நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அந்தக் கதிரையில் இருந்துதான் எனக்கு விளங்கியது. எப்படியோ சொல்லி முடித்தேன். முடித்த கையோடு, தொட்டிக்குள் கட்டையை எறிந்தது யார் என்பதையும் நொர்வேஜிய மொழியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதினொரு நாள் பிந்திச் சொன்னதற்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

"ஏன் அண்ணை அவவின்ரை முகம் மாறினது?" என்றார் அவர். சொன்னேன். ஆள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"உங்களுக்கென்ன விசரே? நான்தான் சொல்லிப்போட்டனே! உங்கடை விண்ணப்பம் கிடக்கெல்லே!"

"உங்களுக்குத் தெரியுமோ நான்தான் எண்டு?"

"குளிர் நாளிலை நீங்கள் கீழைதானே பத்துறனீங்கள். பொலிசிட்டை வாய் முந்திப் போட்டுது. ஸ்டேசனிலை இருந்து யோசிச்சன், சரி, பெடியன் தப்பினான், அதுவும் நல்லதுக்குத்தான் எண்டு."

எனக்கு அழுகை வந்தது. அம்மா எழுந்துபோய் யன்னலைத் திறந்துவிட்டா.

பொலிசில் போய் உள்ளதைச் சொன்னேன். கவனக்குறைவு என்று எனக்குத் தண்டம் விழுந்தது, குடியுரிமை சில வருஷம் தள்ளிப் போனது. கோயிலில் பூசணிக்காய் வெட்டினதைக் கண்ட இருபது பேர் கையொப்பம் வைக்க, அவர்மேல் இருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். சட்டத்தரணி அம்மா அதோடு விடவில்லை. வைக்காத நெருப்பை ஏற்றுக்கொண்ட ஆள், கொழும்பில் எதைத்தான் ஏற்றுக்கொள்ளமாட்டார் என்று கந்தோருக்கு எழுதினா. வைத்தியரும் ஒரு அறிக்கை எழுதினார். கந்தோர் அவரை மறுபடி விசாரிக்க நாள் குறித்தது.

அங்கேதான் பயம். அன்றைக்கும் வாய் முந்திப் போனால்? 'இல்லை' என்ற ஒரு சொல்லைப் பழக்குவதற்கு வீட்டில் வகுப்பு வைத்தோம். பின்னேரம் வேலையால் வந்ததும் குகன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அதிகாரியாய் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பான்.

"இந்தக் கோப்பையை உடைச்சது நீரோ?"

"நான்..."

"அண்ணை! கோப்பை உடையவேயில்லை, வடிவாப் பாருங்கோ!"

"ஓமோ? அப்ப... இல்லை."

"சத்தமாய்ச் சொல்லுங்கோ."

சத்தமாகச் சொன்னால் அவருக்கு வியர்த்து ஒழுகும். சொல்லிவிட்டு இரண்டு தோளையும் குறுக்கிக் கண்ணை மூடிக்கொள்வார், ஏதோ வந்து விழப்போகிறதென்று. முதல் கிழமை குகன் பகிடி விட்டான். இரண்டாம் கிழமை, அவர் 'இல்லை' என்கிற ஒவ்வொரு தரமும் எழும்பிப் போய் அவருடைய தோளைத் தடவிவிட்டு வந்து இருந்தான். அந்த வாயாடி அப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவேயில்லை.

விசாரணை நாளன்று கந்தோர் வாசலில் நாலு மணித்தியாலம் நின்றேன். உள்ளே அரசாங்க மொழிபெயர்ப்பாளர் இருந்ததால் எனக்கு இடமில்லை. அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வெடிமருந்தைக் கேட்டவையோ?"

"கேட்டவை. மூண்டு விதமாய்க் கேட்டவை."

"என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை எண்டனான்." என்னோடு படியிறங்கினார். "மூண்டு தரமும் இல்லை எண்டனான் அண்ணை. ஒருத்தரும் கதிரையாலை எழும்பேல்லை."

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. குசினியில் நின்று நான் வாசித்துச் சொன்னேன், பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது, குடும்பத்தையும் கூப்பிடலாம் என்று. நம்பவில்லை. "நீங்கள் சரியா வாசிக்கேல்லை" என்று முதல்முறையாக என்னோடு சண்டை பிடித்தார். குகனைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் சமைத்தோம்.

அடுத்த வருஷம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் துரொண்ட்ஹெய்முக்குக் குடிபோனார்கள், அங்கே அவருக்கு பஸ் ஓட்டுகிற வேலை. எனக்கு அம்மா வயிற்றில் பிறந்த சகோதரம் இந்த நாட்டில் ஒருத்தருமில்லை. ஆனாலும் இங்கே சொந்தக்காரர் ஆராவது இருக்கினமோ என்று யாரும் கேட்டால், ஓம், துரொண்ட்ஹெய்மில் ஒரு அண்ணன் இருக்கிறார் என்றுதான் சொல்லுகிறேன்.