தையல்காரர் காய்ச்சிய கீட்டோன்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு மனைவியின் ஓட்டத்துக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தையல்காரர் தீர்மானித்தார்.

ஊரில் எல்லாரும் குடும்பத்தை ஓட்டினார்கள். அவர் மனைவி குடும்பத்தை விட்டுவிட்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது, தபால் நிலையத்தில் வேலை, லீவு நாளென்றால் எங்காவது எண்பது கிலோமீட்டர் பந்தயம். மகளும் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை தையல் மெஷின்தான். அதுவும் மிதித்தால்தான் பேசும்.

அலமாரியில் ஆறு சின்ன பாட்டில்களைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"கீட்டோன்."

"நான்தான் கேட்டேன். நீ பதில் சொல்லு."

"பேரே கீட்டோன்தாங்க. சாப்பாடு குறைஞ்சா உடம்பு கொழுப்பை எரிச்சுத் தானே செஞ்சுக்குமாம். அதைப் பாட்டில்ல அடைச்சுத் தர்றாங்க. குடிச்சிட்டு ஓடினா களைப்பே தெரியாதாம்."

எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. களைப்பு தெரிந்தால் பாதியில் திரும்புவாள். மதியம் சேர்ந்து சாப்பிடலாம். சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் ஆறு பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தார். அதே கசப்பு வரும்வரை எலுமிச்சைத் தோலைக் காய்ச்சி, கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் போட்டு நிரப்பி, மூடியை இறுக்கினார்.

ஞாயிறு மதியம் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி ஆனது. மூன்று மணியும் ஆனது. சோறு ஆறியது. ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தனியாக இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். இறங்கவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் அவள் வந்தாள். கழுத்தில் பதக்கம்.

"எப்பவும் அறுபதாவது கிலோமீட்டர்ல வயித்தைப் புரட்டி ஓரமா உட்கார்ந்துடுவேன். இன்னைக்கு ஒண்ணுமே பண்ணலங்க. பெண்கள்ல ரெண்டாவது."

"கீட்டோன் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார், சுரத்தில்லாமல்.

"கீட்டோனை எங்க குடிச்சேன்? முதல் வாயிலேயே எலுமிச்சைத் தோல்னு தெரிஞ்சுடுச்சு. வேற இல்லாம ஆறையும் அதையேதான் குடிச்சேன். ஏன் மாத்தினீங்க?"

நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அது உன் வயித்துக்கு ஒத்துக்கலியே. அதான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்போது எனக்கென்ன பயம்? ரெண்டு நாள் ஓட்டத்துக்கும் பேர் குடுத்துடறேன். முப்பது பாட்டில் காய்ச்சி வச்சிடுங்க."