நூற்றுக்கு மூன்று

இது எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம். மழைக்காலம் என்று தோன்றுகிறது; ஆனால் எங்கள் அலுவலகம் எல்லாக் காலத்திலும் மழைக்காலம் போல இருட்டாகவே இருக்கும்.

மக்கள்தொகைப் பிரிவு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தலையெண்ணி. அவர் யாருடைய தலையையும் பார்த்ததில்லை. நூலகம், ஆஸ்பத்திரி, பஸ் பாஸ் அலுவலகம் எல்லாவற்றின் பதிவுகளும் கணினிக்கு வரும். எங்கேயாவது சுவடு விழுந்திருந்தால் ஆள் ஊரில் இருக்கிறார். ஆறு மாதம் சுவடே இல்லையென்றால் போய்விட்டார். கடைசியில் மொத்தத்திலிருந்து நூற்றுக்கு மூன்றைக் கழிக்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"செத்துப்போன பழைய அதிகாரி போட்டது சார்," என்றாள் கணினிக்காரி.

"இருக்கிறவங்களை எதுக்கும்மா கழிக்கணும்? இந்த அறிக்கையில அதைத் தூக்கிடப் போறேன்."

"தூக்குங்க. முதல்ல இந்தப் பட்டியலைப் பாருங்க. ஊரை விட்டுப் போறவங்க. உங்க வீட்டம்மா பேரு இருக்கு."

அவர் திரையில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தார்.

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. வந்துடுவா."

"சுவடு நின்னு அஞ்சு மாசமாச்சு சார். இந்த மாசமும் இல்லேன்னா மெஷின் எடுத்துடும்."

வீட்டு மேசை இழுப்பறையில் மனைவியின் நூலக அட்டை கிடந்தது. அவள் விட்டுப் போனவற்றில் அது ஒன்று, அவர் இன்னொன்று.

மறுநாள் அந்த அட்டையைக் கொடுத்து ஒரு துப்பறியும் நாவல் எடுத்தார். நூலகக்காரி நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்தாள்.

அந்த வாரமே கணினிக்காரி வந்து நின்றாள்.

"சார், அம்மா இப்போ ரெண்டு ஊர்ல இருக்காங்க. அங்க வேலைக்குப் போக உள்ளூர்க்காரங்களுக்கான சலுகை பஸ் பாஸ் வாங்கியிருக்காங்க. இங்க துப்பறியும் நாவல் படிக்கிறாங்க."

"வேலைக்கா போறா?"

"அது உங்களுக்குத்தான் சார் தெரியணும். சுவடு அதிகமா இருக்கிற ஊருதான் கணக்குன்னு விதி. நீங்க எழுதினது."

தலையெண்ணி சுவடுகளைக் கூட்டினார். தினம் ஒரு புத்தகம் எடுத்தார். பல் டாக்டரிடம் மனைவி பெயரில் சீட்டு வாங்கி உட்கார்ந்தார்.

"நோயாளி எங்க?" என்றாள் நர்ஸ்.

"வந்துடுவா."

ஆஸ்பத்திரியைப் பூட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அவரும் அதை நம்ப ஆரம்பித்திருக்க வேண்டும்.

மெஷின் நம்பிவிட்டது. மனைவி இந்த ஊர்க்காரி என்று முடிவு செய்து, அந்த ஊர் சலுகை பாஸை வெட்டியது. போன பிறகு முதல்முறையாக அவளிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, என் பாஸ் செல்லாதுங்கறாங்க. நான் இங்க இல்லவே இல்லையாம்."

"கணக்குப்படி நீ இங்க வீட்டுலதான் இருக்கே."

"இருந்தப்போ எண்ணினீங்களா?"

அவள் போனை வைக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எந்த ஊர் மழை என்று தெரியவில்லை.

"சரி பண்ணிக் குடுங்க," என்று சொல்லி வைத்தாள்.

அன்று மாலை புத்தகங்களை மார்போடு அடுக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

"இவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க. அட்டையை மூடிடுங்க."

"முதல் நாளே தெரியும் சார்," என்றாள் நூலகக்காரி.

"அப்பவே ஏன் சொல்லலே?"

"யார்கிட்டேன்னு சொல்றது? உங்க நாற்காலியில முன்னாடி இருந்தாரே, பெரியவர், அவரும் சம்சாரம் போனப்புறம் அந்தம்மா அட்டையிலதான் எடுப்பார். ஒருநாள், 'என்னை மாதிரி எத்தனை பேரும்மா இங்க வர்றாங்க?'ன்னு கேட்டார். நூத்துக்கு மூணு பேர் இருப்பாங்கன்னு நான்தான் சொன்னேன்."

மனைவி அந்த ஊரிலேயே இருக்கிறாள், பாஸ் செல்லுகிறது. தலையெண்ணி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது கணினிக்காரி உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூன்றை அவரும் தூக்கவில்லை, அவளும் தூக்கவில்லை.